லேக் வியூ ரோட்டு ஒற்றன்: நகைச்சுவை நாவலில் தெருநாய் உளவு பார்க்கலாமா?

லேக்வியூ_வாசி:

நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. நகைச்சுவை நாவல் என்று சொல்லித்தான் தொடங்கினேன். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் இப்போது குழப்பம். கதையைச் சொல்கிறேன், கைகொடுங்கள்.

இடம், மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. (லேக் எங்கே என்று கேட்காதீர்கள். 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே கட்டினார்கள். சாலையின் பெயரில் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது.) லிஃப்ட் இல்லாத மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரே ஒரு சம்ப்பு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி). காலம் 2019. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். லாரி வந்து 9,000 லிட்டரை இறக்கிவிட்டுப் போகிறது. விடிந்து மூடியைத் திறந்தால் குறைந்திருக்கிறது. இரவில் யாரோ திருடுகிறார்கள் என்று சங்கச் செயலாளர் முடிவு கட்டிவிடுகிறார்.

செயலாளர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் பேசுவதைக் கேட்பது பொதுச்சேவை என்று நம்புகிறவர். முதல் மாடியில் வீணை டீச்சர் மாமி. மேல்வீட்டில் யாராவது குளிக்கத் தொடங்கினால் இவர் ஒரு வர்ணத்தைத் தொடங்குவார். வர்ணம் முடிந்த பிறகும் குழாய் ஓடினால் நோட்டில் பெயர் ஏறும். இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். பேச்சுவார்த்தை கிடையாது; சொல்ல வேண்டியதை எல்லாம் பால் போடும் பையனிடம் சொல்லி அனுப்புவார்கள். மூன்றாம் மாடியில் ஹோமியோபதிப் பெட்டியுடன் ஒருவர், எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் படியிறங்கி வந்துவிடுவார். தரைத்தளத்தில் தனியாக வாடகைக்கு இருக்கும் இளைஞன். இரவு ஷிஃப்ட். பகலில் தூங்குகிறான் என்பதுதான் அவன்மேல் உள்ள குற்றச்சாட்டு.

இனி நாயகர். பழுப்பு நிறத் தெருநாய். கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் வெட்டு. மழைநீர்ச் சேகரிப்புக் குழியின் மணலில் பகலெல்லாம் படுத்திருக்கும். வீட்டுக்கு ஒரு பெயர்: செயலாளருக்கு மேஜர், மாமிக்குப் பைரவர், அக்காவுக்கு மணி, அக்கா மணி என்று கூப்பிடுகிற ஒரே காரணத்துக்காகத் தங்கைக்கு ஜிம்மி, இளைஞனுக்கு ப்ரௌனி. எல்லாப் பெயருக்கும் வாலாட்டும். செயலாளர் அதன் கழுத்துப் பட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி உளவுக்கு அனுப்புகிறார்.

என் சந்தேகங்கள்: நாய் தன் குரலிலேயே கதை சொல்லலாமா? இளைஞனின் சிவப்பு ஸ்கூட்டரை அடையாளம் கண்டு பாண்டி பஜார் வரை பின்தொடர்வதாக ஓர் அத்தியாயம் யோசித்திருக்கிறேன், நம்பும்படி இருக்குமா? கடைசியாக, தண்ணீரைத் திருடுவது யார்? எனக்கே தெரியாது.

திண்ணைத்_தாத்தா:

தம்பி, உன் நாய்க்கு வள்ளுவர் எப்போதோ நேர்முகத் தேர்வு நடத்தி முடித்துவிட்டார். 59ஆம் அதிகாரம், ஒற்றாடல். 585ஆம் குறளில் ஒற்றனுக்கு மூன்று தகுதி சொல்கிறார்: பார்த்தவர் ஐயப்படாத உருவம், முறைத்தாலும் அஞ்சாத கண், எந்த இடத்திலும் இரகசியத்தை வெளியே விடாத வாய். மாம்பலத்துத் தெருநாய் மூன்றிலும் தேறிவிடும். மூன்றாவதில் மாம்பலத்து மனிதர் ஒருவரும் தேற மாட்டார், நான் உட்பட.

அடுத்த குறளில் துறவி வேடம் பூண்டு போகச் சொல்கிறார். நாய்க்கு வேடம் எதற்கு? சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரமெல்லாம் அது துறவிதான்.

ஆனால் 588, 589 இரண்டையும் உன் செயலாளர் படித்திருக்க வேண்டும். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும். இவர் ஒற்றை நாயை நம்பி நிற்கிறார். மூன்று பேர் தனித்தனியாக நாயின் நடவடிக்கைக்குப் பொருள் சொல்லட்டும், மூன்றும் மூன்று திசையில் போகட்டும். ஹோமியோபதிக்காரர் நிச்சயம் அதற்கு வயிற்றுக்கோளாறு என்பார்.

மூன்றாம்மாடி:

உளவுக்குத் தெருநாய் எதற்கு? நம் ஊர் நாய்களிலேயே சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று எத்தனை இருக்கின்றன! ஒரு ராஜபாளையத்தைக் கொண்டுவாருங்கள். கம்பீரத்துக்குக் கம்பீரம், ஊர்ப்பெருமைக்கு ஊர்ப்பெருமை.

திண்ணைத்_தாத்தா:

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்தச் சந்தில் அது நடந்தால் வீட்டுக்கு இரண்டு பேர் வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முதல் தகுதியிலேயே தோற்றுவிட்டது. அடுத்த விண்ணப்பதாரர் வரலாம்.

பழையபேப்பர்:

தெருநாயைக் குறைத்துப் பேச வேண்டாம். 1957 நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக் 2இல் ஏறிப் பூமியைச் சுற்றப் போன லைக்கா, மாஸ்கோ தெருவில் பிடித்த நாய்தான். குளிருக்கும் பசிக்கும் பழகிய உடம்பு என்றுதான் தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திருப்பிக் கொண்டுவர எந்த ஏற்பாடும் செய்யாமல் அனுப்பினார்கள் என்பது நகைச்சுவை நாவலுக்கு ஆகாது. அதை உங்கள் கதையில் சேர்க்க வேண்டாம்.

வேப்பேரி_மாணவி:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், அண்ணா. பாண்டி பஜார் நடக்காது.

தெருநாய்க்கு எல்லை உண்டு. சந்து முனைவரை அது மகாராஜா. அதற்கு அப்பால் அடுத்த கூட்டத்தின் ஆட்சி. முனையில் நின்று மூக்கை நீட்டிப் பார்க்கும்; அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நாய் எழுந்து நின்றால் வாலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிவிடும். துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து பாண்டி பஜார் போய்ச் சேதமில்லாமல் திரும்பி வரும் என்றால் மேற்கு மாம்பலத்தில் ஒரு வாசகர்கூட நம்ப மாட்டார்.

சிவப்பு ஸ்கூட்டரும் ஆகாது. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும்தான் நன்றாகப் பிரித்தறியும். சிவப்பு அதற்கு மங்கலான பழுப்பு. அது ஸ்கூட்டரை நிறத்தால் அறியாது, சத்தத்தால் அறியும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை. இளைஞனின் வண்டி தெருவில் திரும்பும்போதே எழுந்து நின்றுவிடும். செயலாளருக்கு அது இரகசியச் சமிக்ஞை. நாய்க்கு அது இரவு பரோட்டாவில் மிச்சம்.

வேலை நேரத்தையும் கவனியுங்கள். தெருநாய் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். கோடைப் பகலில் அதை எந்த உளவுக்கும் எழுப்ப முடியாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். அதனால் குளிர்ந்த தரை எங்கே என்பதுதான் அதற்குத் தலையாய தகவல். மேல் மண்ணைப் பறித்துத் தள்ளிவிட்டு, உள்ளே ஈரமாக இருக்கிற அடுக்கில் வயிற்றை வைத்துப் படுக்கும்.

ஒலிக்கூடம்:

வடபழனிப் பக்கம் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நாயின் கழுத்தில் மைக் கட்டினால் முதலில் கேட்பது நாய். மூச்சு, மூச்சு, மேலும் மூச்சு. பட்டை உரோமத்தில் உராயும் சத்தம். காதைச் சொறியும்போது பின்னங்கால் நேரே மைக்கிலேயே விழும், ஹெட்போன் போட்டிருப்பவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். தலையை உதறினால் பதிவு கிழிந்துவிடும். இத்தனைக்கும் நடுவே மனிதப் பேச்சு துண்டு துண்டாக வந்து விழும்.

அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வே இதில் தோற்றிருக்கிறது. 1960களில் ஒரு பூனையின் உடம்புக்குள் ஒலிவாங்கியும் அலைபரப்பும் கருவியும் வைத்துத் தைத்தார்கள். பூனைக்குப் பசி வந்தால் உளவை விட்டுவிட்டுப் பூனை வேலையைப் பார்க்கப் போய்விடும். நடைமுறைக்கு உதவாது என்று 1967இல் எழுதி மூடினார்கள். ஆவணங்கள் 2001இல் வெளியே வந்தன.

உங்களுக்கு இது நல்ல செய்தி. தெளிவான பதிவு கிடைத்தால் கதை அன்றே முடிந்துவிடும். பாதி வாக்கியங்கள் கிடைக்கட்டும், மீதியைச் செயலாளர் இட்டு நிரப்பட்டும்.

மூன்றாம்மாடி:

எனக்கு நாய் பேச வேண்டும். வாலாட்டிக்கொண்டே அது மனத்துக்குள் என்ன நினைக்கிறது என்று படிக்கத்தானே ஆசை? நாய் கதை சொன்னால் முதல் பக்கத்திலேயே வாசகர் ஒட்டிக்கொள்வார். மாமியின் தயிர்சாதத்தையும் இளைஞனின் பரோட்டாவையும் அது ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னால் எவ்வளவு சுவையாக இருக்கும்!

பழையபேப்பர்:

இதை முழு மூச்சாக எதிர்க்கிறேன். நாய் வாயைத் திறந்து “நான் அன்று காலை எழுந்தபோது” என்று ஆரம்பித்த கணத்தில் அது வாலுள்ள குமாஸ்தா ஆகிவிடுகிறது. பிறகு அதன் வாயில் ஆசிரியரின் நக்கல்தான் வரும். சமூக விமர்சனம் வரும். மனிதர்களைவிட நாய்களே மேல் என்று ஒரு வசனம் வரும். நாலடியார் அதை அன்றைக்கே சொல்லிவிட்டது: பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாய் நல்ல நட்பு என்று. அதற்கு மேல் ஒரு மாம்பலத்து நாய் என்ன சொல்லிவிடப் போகிறது?

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கதையில் நாய் எதையும் உளவு பார்க்கவே இல்லை. நோட்டில் பெயர் எழுதுவது மாமி. இருமலை ஒட்டுக்கேட்பது ஹோமியோபதி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது செயலாளர். அக்கா வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுவது தங்கையாகத்தான் இருக்கும். நாய் செய்வதெல்லாம் சோறு கிடைக்கும் வாசலுக்குப் போவது. அது ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்காரர் ஒரு பொருள் கொள்கிறார், எதிர்வீட்டுக்காரர் வேறொன்று. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. நாய்க்கு நீங்கள் புத்தியைக் கொடுத்தால், மனிதர்களிடமிருந்து அசட்டுத்தனத்தைப் பிடுங்கிவிடுகிறீர்கள்.

ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு ஏன் இன்னும் நிற்கிறார்? அவர் அசடாக எதையோ செய்யப்போக, குற்றவாளி அகப்படுகிறான். ஊர் அதை மூளை என்று கொண்டாடுகிறது. கொண்டாடுகிறவர்களைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். உங்கள் நாயையும் அப்படி வாய் திறக்காமல் விட்டுவிடுங்கள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்கிற பழமொழியைத் தலைப்பக்கத்தில் போட்டால் போதும்.

மூன்றாம்மாடி:

தலைப்பக்கத்தில் பழமொழி போடுவதுதான் ஆசிரியர் நக்கல். போகட்டும், ஒரே ஓர் அத்தியாயமாவது நாய்க்குக் கொடுங்கள். சோற்றுக் கணக்கு மட்டும்.

கிழக்குவாசல்:

ஆளாளுக்கு நாயைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். என் மாமனார் காலையில் ஆவின் பால் வாங்கப் போன இடத்தில் கடிபட்டார். 0, 3, 7, 28 என்று நாள் குறித்த சீட்டை வீட்டில் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்து ஊசி போட்டோம். ரேபிஸ் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். இப்போதும் கையில் குச்சி இல்லாமல் கீழே இறங்க மாட்டார். பெரியவர் ஒருவர் நாயைக் கண்டதும் சுவரோடு சுவராக ஒதுங்குவதை நகைச்சுவையாக எழுதுவது மிக எளிது. தயவுசெய்து எழுதாதீர்கள்.

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, 22ஆம் தேதி அதைத் திருத்தியது. அந்தப் பதினோரு நாளும் எங்கள் படிக்கட்டில் இரண்டு கட்சி. இந்த நேரத்தில் உங்கள் நாவல் வந்தால் ஒரு கட்சிக்காரர் மட்டும்தான் சிரிப்பார். கதையில் பயப்படுகிற ஒருவர் வேண்டும், அவர் கோமாளியாக இருக்கக் கூடாது. கடியும் வேண்டும்.

லேக்வியூ_வாசி:

அம்மா, பயப்படுகிறவராகத் தங்கையை வைக்கிறேன். ஜிம்மி என்று கூப்பிடுவதெல்லாம் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டுதான். சோற்றைக் கம்பிக் கதவின் அடியில் தள்ளிவிடுவார். யாரை யார் கடிப்பது என்று யோசிக்க வேண்டும். நாயகனே கடித்தால் கதை வேறு பக்கம் போய்விடுகிறது.

மூன்றாம்மாடி:

கடித்தால் செயலாளர் சட்ட நோட்டீஸ் அனுப்புவாரே! நாய்க்குச் சோறு போடும் இடம் பற்றி ஏதோ புதிய விதி இருக்கிறதல்லவா? பன்னிரண்டு வீட்டுக்கும் நகல். நாய்க்கு ஐந்து பெயர் இருப்பதால் நோட்டீஸில் எந்தப் பெயரைப் போடுவது என்றே ஒரு கூட்டம் நடக்கட்டும்.

வக்கீல்_குமாஸ்தா:

கூட்டம் நடக்கட்டும், விதி உதவாது. மாடிப்படி, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்து உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் வந்தது. கதை நடப்பது 2019. அப்போது நடப்பில் இருந்தவை 2001ஆம் ஆண்டு விதிகள்.

ஆனால் இரண்டு விதிகளிலும் மாறாத ஒன்று உண்டு: கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். சென்னைக்கு இது பழக்கமானது. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960களிலேயே இங்கே இந்த வழியைத் தொடங்கிவிட்டது. எனவே ஒற்றனை நாடு கடத்த முடியாது. செயலாளர் மனு மேல் மனு கொடுத்து ஒருவழியாக வண்டி வருகிறது. ஊழியர் இறங்கி நாயின் காதைப் பார்க்கிறார். வெட்டு இருக்கிறது. “இதற்கு எல்லாம் முடிந்துவிட்டது சார்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொள்கிறார். உங்கள் உளவாளிக்கு அந்த வெட்டுதான் தூதரகப் பாஸ்போர்ட்.

ஒலிக்கூடம்:

அண்டை வீட்டு விசித்திரங்கள் இன்னும் வேண்டும் என்றால் எங்கள் மாடியில் ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் செருப்புகளை எண்ணிவைத்துக்கொண்டு மறுநாள் “நேற்று உங்கள் வீட்டுக்கு இரண்டரைப் பேர் வந்தார்களே” என்று கேட்பார். அரை என்பது குழந்தை.

மூன்றாம்மாடி:

எங்கள் வீட்டுக் கீழே ஒருவர் தன் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தைச் சுற்றி தினமும் சாக்பீஸால் கோடு போடுவார். மழை பெய்தால் குடையோடு இறங்கி வந்து கோட்டைப் புதுப்பிப்பார்.

கிழக்குவாசல்:

எதிர்வீட்டு அம்மா மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டால், காக்கையை விரட்டத் தன் மாமியாரின் படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வருவார். காக்கை வருவதில்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

மட்டுறுத்துநர்:

அவரவர் அண்டை வீட்டாரைப் பற்றி எழுதும்போது பெயர், கதவு எண், தெரு எதுவும் வேண்டாம். அவர்களும் இங்கே படிக்கக்கூடும். ஏற்கெனவே ஒருவர் சாக்பீஸ் கோட்டைப் பற்றிப் புகார் அனுப்பியிருக்கிறார்.

லேக்வியூ_வாசி:

ஒலிக்கூடம் சொன்னதை வைத்து எட்டாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். ஒரு பகுதி:

“இரவு பத்தரை மணிக்குச் செயலாளர் மின்விசிறியை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினார். முதலில் மூச்சு. கால் மணி நேரம் மூச்சு. மூச்சிலும் ஏதாவது குறிப்பு இருக்கலாம் என்று அதையும் கேட்டார். பிறகு காதருகே யாரோ துணி துவைக்கும் சத்தம். மேஜர் சொறிந்துகொள்கிறது என்று புரிய இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம் மாமியின் குரல் தெளிவாக வந்தது. ‘பைரவா, இந்தா தயிர்சாதம். அந்த மனிதர் வருவதற்குள் சாப்பிட்டுவிடு. வர வர அவர் தொல்லை...’ எந்த மனிதர்? பட்டை உராய்ந்ததில் பெயர் போய்விட்டது. செயலாளர் நோட்டில் ‘ஹோமியோபதி’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அடுத்து அக்கா. ‘மணி, அவரிடம் மட்டும் போகாதே. கழுத்தில் என்னத்தையோ கட்டிவிடுகிறார்.’ செயலாளர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

கடைசியாகத் தரைத்தளக் கதவு திறக்கும் சத்தம். பரோட்டாப் பொட்டலம் பிரியும் சத்தம். இளைஞன் குனிந்து, மைக்குக்கு மிக அருகில், மரியாதையாகச் சொன்னான்: ‘வணக்கம் சார். அந்தச் சிவப்பு விளக்கு இருட்டில் நன்றாகத் தெரிகிறது. ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.’”

ஒலிக்கூடம்:

பொட்டலம் பிரியும் சத்தம் பேச்சைவிடத் தெளிவாகப் பதிவாகும், சரியாக எழுதியிருக்கிறீர்கள். விசிறியை அணைத்தது இன்னும் சரி.

பழையபேப்பர்:

“எழுதவில்லை” என்று நிறுத்தினீர்களே, அங்கே சிரித்தேன். நாய் பேசியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது.

சம்ப்பு_மேஸ்திரி:

நான் கதை அதிகம் படிப்பதில்லை. கட்டட வேலை. ஒரே ஒரு கேள்வி: சம்ப்பில் தண்ணீர் தினமும் எவ்வளவு குறைகிறது? செயலாளர் கோல் விட்டு அளக்கிறாரா?

லேக்வியூ_வாசி:

அளக்கிறார். மஞ்சள் பெயின்டில் குறி போட்ட மூங்கில் கோல். தினமும் ஒரே குறிவரை இறங்குவதாக எழுதியிருக்கிறேன். திருடன் ஒழுங்கானவன் என்று செயலாளருக்கு அவன்மேல் ஒரு மதிப்பே வருகிறது.

சம்ப்பு_மேஸ்திரி:

அப்படியானால் திருடன் இல்லை. சுவரில் விரிசல். திருடுகிறவன் ஒருநாள் ஐந்து குடம் எடுப்பான், ஒருநாள் ஐம்பது. விரிசல் என்றால் தண்ணீர் அந்த மட்டம்வரை இறங்கி நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. பழைய செங்கல் சம்ப்பில் இது சாதாரணம். பக்கத்தில் மரம் இருந்தால் வேர் உள்ளே புகுந்திருக்கும். ராத்திரி எல்லா வால்வையும் மூடிவிட்டுக் காலையில் கோலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுகிய தண்ணீர் சம்ப்பை ஒட்டிய மண்ணில்தான் இறங்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது?

வேப்பேரி_மாணவி:

மழைநீர்ச் சேகரிப்புக் குழி! அண்ணா, உங்கள் முதல் பதிவைப் பாருங்கள். நாய் பகலெல்லாம் எங்கே படுத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்த மணல் மட்டும் உள்ளே ஈரம். அதனால்தான் அது அங்கே பறித்துப் படுக்கிறது.

திண்ணைத்_தாத்தா:

ஆக, ஒற்றன் முதல் நாளிலிருந்தே அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், வயிற்றாலே.

லேக்வியூ_வாசி:

அந்த மணலை நான் எழுதியது நாய்க்கு ஒரு படுக்கை வேண்டுமே என்றுதான். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஆய்வுக்குக் காட்டத் தோண்டிய குழி, அதன்பிறகு செயலாளர் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். யார் கண்டுபிடிப்பது?

பழையபேப்பர்:

யாரும் நாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். மேஸ்திரி ஒருவர் வந்து கோலை விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகட்டும். வாசகருக்கு மட்டும் நாய் நினைவுக்கு வரட்டும்.

மூன்றாம்மாடி:

அநியாயம். நாய்க்கு ஒரு பாராட்டு விழாவாவது வேண்டாமா? மாலை, சந்தனம், ஆர்ய கவுடா ரோட்டிலிருந்து நாகஸ்வரம்?

திண்ணைத்_தாத்தா:

590ஆம் குறள் தடுக்கிறது. ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தால் இரகசியத்தை நாமே வெளியிட்டதாகும். வேண்டுமானால் விரிசலைப் பூசிய மறுநாள் குழி காய்ந்துபோய், ஒற்றன் வேறு இடம் தேடி அலைவதாக எழுது. நல்லது செய்த அரசு ஊழியருக்கு நடப்பது அதுதான். டீக்கடையில் யாராவது ஒரு பொறை வாங்கிப் போடட்டும், போதும்.

கிழக்குவாசல்:

எல்லாம் சரி. கடி எங்கே?

லேக்வியூ_வாசி:

வழி கிடைத்துவிட்டது, அம்மா. இளைஞனைப் பின்தொடரச் சொல்லிச் செயலாளர் நாயை அனுப்புகிறார். நாய் சந்து முனையில் நின்றுவிடுகிறது. “கோழை மேஜர்!” என்று திட்டிவிட்டு எல்லையைத் தாண்டித் தானே போகிறார். அடுத்த தெரு நாய் கடித்துவிடுகிறது.

வேப்பேரி_மாணவி:

ஊசியை அன்றே தொடங்கிவிட வேண்டும், காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். இரண்டையும் விடாமல் எழுதுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் கால் மணி நேரம் குழாயைத் திறந்துவிட மாமி அனுமதிப்பாரா என்பது உங்கள் பாடு. இன்னொன்று: கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள்.

லேக்வியூ_வாசி:

பத்து நாளா! தினமும் அடுத்த தெருவுக்குப் போய், தன்னைக் கடித்த நாய் நலமாக இருக்கிறதா என்று மறைந்து நின்று பார்க்க வேண்டும். கட்டுப்போட்ட காலோடு, குடையோடு. அந்தத் தெருவில் யாரோ ஒருவர் இவரைச் சந்தேகப்பட்டு நோட்டில் எழுதத் தொடங்குவார்.

கிழக்குவாசல்:

பத்து நாள் முடிவதற்குள் அந்த நாய்க்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார், பாருங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள். மாமனாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்; செயலாளரைக் கடிக்கும் இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார்.